மதராஸ் மனு

1852ஆம் ஆண்டின் கடைசியில் மதராஸிலிருந்து லண்டனுக்கு ஒரு மனு கிளம்பியது. அனுப்பியது, தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத சென்னைவாசிகள் சங்கம். பெறவேண்டியது பிரிட்டிஷ் நாடாளுமன்றம். இடையில் கோட்டையில் கவர்னர் இருந்தார், அவருடைய கவுன்சில் இருந்தது, லண்டன் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 24 டைரக்டர்கள் இருந்தார்கள். இவர்கள் எல்லோரையும் தாண்டி, இவர்களைப் பற்றியே புகார் சொல்லப் போன காகிதம் அது. பள்ளிப் பாடநூலில் இரண்டு வரியில் வந்துபோகும் இந்த மனு எந்தெந்தக் கைகளுக்குப் போயிற்று, திரும்பி வரும்போது என்னவாக வந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

அப்போது மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையை விட்டுத் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளோ சரக்கோ தபாலோ, எதுவானாலும் மசூலாப் படகில் ஏறி அலையைக் கடந்துதான் கப்பலுக்குப் போக வேண்டும். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் பலகை நெகிழ்ந்து கொடுக்கும், பிளக்காது. கப்பல் சூயஸ் வரை போகும். கால்வாய் வெட்ட இன்னும் பல வருடம் இருந்தது. அங்கிருந்து பாலைவனத்தை வண்டியில் கடந்து, நைல் நதி வழியே அலெக்சாண்டிரியா போய், மறுபடி கப்பலேற வேண்டும். அந்நாளைய மதராஸ் தபால் இங்கிலாந்து போன வழி இது. ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும்.

அந்த வருடம் மனு அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. இந்தியாவை ஆளும் உரிமையை நாடாளுமன்றம் கம்பெனிக்கு 20 வருடத்துக்கு ஒருமுறை சாசனமாக எழுதிக்கொடுத்துவந்தது. 1793, 1813, 1833 என்று புதுப்பித்தார்கள். அடுத்தது 1853. அதற்கு முன்பாக நாடாளுமன்றக் குழுக்கள் உட்கார்ந்து, இந்தியா எப்படி ஆளப்படுகிறது என்று சாட்சிகளை அழைத்து விசாரித்தன. சாட்சிகளில் பெரும்பாலோர் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள், கலெக்டராகவும் ஜட்ஜாகவும் இருந்து ஓய்வுபெற்றவர்கள். தாங்கள் நடத்திய நிர்வாகத்தைப் பற்றித் தாங்களே சாட்சி சொன்னார்கள். அவர்களில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கலெக்டருக்குத் தெரிந்தது தாசில்தார் சொன்னது, தாசில்தாருக்குத் தெரிந்தது கர்ணம் எழுதிக்கொடுத்தது. வரி கட்டியவனிடம் யாரும் கேட்கவில்லை.

மதராஸ் மாகாணத்தில் இந்தக் குறை மற்ற மாகாணங்களைவிட ஆழமாக இருந்தது. வங்காளத்தில் அரசுக்கும் குடியானவனுக்கும் நடுவில் ஜமீன்தார் இருந்தார். இங்கே பெரும்பகுதி ரயத்துவாரி. அரசே நிலச்சொந்தக்காரர்போல நின்று ஒவ்வொரு ரயத்திடமும் நேராகத் தீர்வை வசூலித்தது. தீர்வையோ விளைச்சலைத் தின்றுவிடும் அளவுக்கு இருந்தது. அதோடு இன்னொரு ஏற்பாடும் சேர்ந்துகொண்டது. 1816இல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி வந்த ரெகுலேஷன்கள் கலெக்டரையே மாஜிஸ்டிரேட் ஆக்கின, தாசில்தாரையே போலீஸ் தலைவர் ஆக்கின. வரி வசூலிக்கும் சேவகனும் திருடனைப் பிடிக்கும் சேவகனும் ஒரே ஆள். வசூலில் அடிபட்டவன் புகார் கொடுக்க வேண்டிய இடம், அவனை அடிக்கச் சொன்ன தாசில்தாரின் கச்சேரி, அதாவது அலுவலகம். மன்றோவை மக்களிடம் பரிவுள்ளவர் என்று இந்த ஊர் இன்றும் நினைக்கிறது, அதில் உண்மையும் உண்டு. ஆனாலும் அவர் கட்டிய இந்த ஏற்பாடு புகாருக்கான வாசலையே அடைத்துவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இந்த வாசலைச் சுற்றிக்கொண்டு வேறு வழி தேடியவர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806இல் பிறந்தவர், மதராஸ் வியாபாரி. துணியிலும் அவுரியிலும் சம்பாதித்த பணத்தைப் பத்திரிகையில் போட்டார். 1844இல் அவர் தொடங்கிய 'கிரசென்ட்' ஆங்கிலப் பத்திரிகை. கோட்டையில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றால் அவர்களுடைய மொழியில்தான் எழுத வேண்டும். அரசு பாதிரிமார்களுக்குச் சாய்வாக நடக்கிறது என்று 1846இல் ஊர் திரட்டி மனு அனுப்பியதிலும் அவர் முன்னால் நின்றார். 1852 பிப்ரவரி 26 அன்று சென்னைவாசிகள் சங்கம் பிறந்தது. முதலில் கல்கத்தாவின் பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்துக்குக் கிளைபோல இருந்து, சில மாதத்திலேயே தனியாகப் பிரிந்தது. அதில் நியாயம் இருந்தது. ஜமீன்தார்கள் நடத்திய கல்கத்தா சங்கத்தின் கவலையும் ரயத்துவாரி நாட்டின் கவலையும் ஒன்றல்ல.

மனுவில் நிலவரிக்கே முக்கிய இடம். தீர்வையின் பாரம், வசூலில் சிப்பந்திகள் செய்யும் கொடுமை, குடியானவனின் ஓட்டாண்டி நிலை ஆகியவற்றை அது எடுத்துச் சொன்னது. அடுத்து மொத்தர்ப்பா வரி. நெசவாளியின் தறி, எண்ணெய்க்காரரின் செக்கு, தச்சர், கொல்லர், சின்னக் கடைக்காரர் என்று கையால் உழைத்துப் பிழைப்பவர்கள்மேல் விழுந்த வரி இது. இதைப் பற்றி மனு பேசும் இடத்தில் கோபம் தெரிகிறது. கோர்ட்டுகளின் தாமதம், ரோடு, பாசனம், படிப்பு ஆகியவற்றில் அரசின் அலட்சியம் என்று பட்டியல் தொடர்கிறது. இத்தனைக்கும் பிறகு, சட்டம் செய்யும் இடத்தில் உத்தியோகஸ்தர் அல்லாதவர்களும் உட்கார வேண்டும் என்று கேட்டது. 1833 சாசனம் மதராஸிடமிருந்து சட்டமியற்றும் அதிகாரத்தையே எடுத்துக் கல்கத்தாவுக்குக் கொடுத்திருந்தது. திருநெல்வேலிக்காரனின் வரிக்கான சட்டம் கல்கத்தாவில், அவனைப் பார்த்திராதவர்கள் மத்தியில் எழுதப்பட்டது.

மனுவில் ஒரு குறை இருந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் ஊரில் வசதியானவர்கள். மனு பரிந்து பேசியது பட்டா வைத்திருந்த ரயத்துக்கு. அந்த ரயத்தின் வயலில் நாற்று நட்ட பண்ணையாளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. யோசனை சொல்பவர்களின் வட்டம் அகல வேண்டும் என்று கேட்டவர்கள், தங்கள் தெருவோடு நிறுத்திக்கொண்டார்கள். பிறகு வந்த சபைகளும் வெகுகாலம் அங்கேயே நின்றன.

லண்டனில் மனு படிக்கப்பட்டது, அச்சிலும் ஏறியது. ஆனால் 1853இல் நிறைவேறிய சட்டம் அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது. கவர்னர் ஜெனரலின் சட்டசபையில் மாகாணத்துக்கு ஒருவர் என்று சேர்த்தார்கள். மதராஸுக்காகப் போனவர் டேனியல் எலியட், கம்பெனியின் பழைய அதிகாரி. இந்தியர் ஒருவரும் இல்லை. புது ஆலோசகர்கள் என்று சேர்ந்தவர்களும் பழைய அலுவலகத்திலிருந்தே வந்தார்கள்.

அத்தோடு மனு கோப்பில் புதைந்திருக்கும். புதையாமல் இருந்ததற்குக் காரணம், லண்டனில் அது வேறொரு கூட்டத்தின் கைக்குப் போனது. 1853 மார்ச்சில் அங்கே இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்று ஏற்பட்டிருந்தது. ஜான் டிக்கின்சன் அதன் செயலாளர். ஜான் பிரைட் போன்ற எம்.பி.க்கள் அதில் இருந்தார்கள். தலைவராக இருந்த ஹென்றி டான்பி சீமூர், கம்பெனிக்காரர் சொல்வதைப் படித்துக்கொண்டிருப்பதைவிட நேரில் பார்ப்பது மேல் என்று முடிவுசெய்து, அதே வருடம் அக்டோபரில் மதராஸில் வந்து இறங்கினார். லட்சுமிநரசு செட்டி அவரை ஊர் ஊராக அழைத்துப் போனார். மனுவில் எழுதியிருந்தது உண்மையா என்று, மனுவைப் படித்த ஒரு எம்.பி., எழுதியவரோடு சேர்ந்தே போய்ப் பார்த்தார். கிராமத்து ஆட்கள் அவரிடம் பேசினார்கள். கலெக்டரோடு வந்த துரையிடம் அவர்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். ஒரு காகிதம் ஒரு மனிதனைக் கடல் கடந்து இழுத்துவந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம்.

1854 ஜூலையில் மதராஸ் நிலவரி பற்றிக் காமன்ஸ் சபையில் விவாதம் வந்தது. வரி வசூலுக்காக ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று சீமூர் எழுந்து சொன்னார். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று மறுப்பு எழுந்தது. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் இருந்த பங்களா வரைக்கும் சத்தம் எட்டவில்லை என்பதே பெரும்பாலும் உண்மையாக இருக்கும், அது இன்னும் பெரிய குற்றம். விசாரணை வைப்பதைத் தவிர அரசுக்கு வழியில்லாமல் போயிற்று.

அதே வருடம் செப்டம்பரில், லார்டு ஹாரிஸ் கவர்னராக இருந்தபோது, மூன்று பேர் கொண்ட சித்திரவதை ஆணையம் அமைந்தது. எட்வர்டு எலியட், ஹட்டில்ஸ்டன் ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். முதலாமவர் மதராஸின் போலீஸ் மாஜிஸ்டிரேட். பெசன்ட் நகர் கடற்கரையை நாம் எலியட்ஸ் பீச் என்று சொல்வது இவருடைய பெயரால்தான். மூன்றாமவர் வக்கீல், மாகாணத்தின் நிலையைக் கண்டித்து எழுதியவர். மூவரும் ஆங்கிலேயர்களே. ஆனாலும் ஆணையம் ஒரு காரியம் செய்தது. புகார் உள்ளவர்கள் வரலாம், எழுதலாம் என்று மாகாணம் முழுக்க அறிவிப்புக் கொடுத்தது. கர்ணம், தாசில்தார், கலெக்டர் என்ற படிகள் இல்லாமல் நேராகச் சொல்லலாம் என்று ஒரு வாசல் திறந்தது.

சுமார் மூன்று மாதத்தில் 1,959 புகார்கள் வந்தன. நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். மற்ற 1,440 கடிதங்கள். ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. வடக்கே கஞ்சத்திலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை நீண்டிருந்த மாகாணம் அது. வழிச்செலவு, திரும்பிப் போனால் மறுபடியும் அதே தாசில்தாரின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம், எல்லாவற்றையும் மீறி வந்தவர்கள் இவர்கள். பாரதக்கதையில் திரௌபதி சபையில் கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் வாயடைத்து நின்றதைத் தெருக்கூத்தில் பார்த்தே வளர்ந்த மக்கள். கேட்கிறேன் என்று ஒரு சபை சொன்னவுடன் நடந்தே வந்தார்கள்.

அவர்கள் சொன்னதிலிருந்து இரண்டை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். ஒன்று கிட்டி. இரண்டு மரத்துண்டுகள், நடுவில் விரலோ கையோ மாட்டப்படும், பிறகு இறுக்குவார்கள். எலுமிச்சை பிழியும் கட்டையைப் பார்த்திருந்தால் அதன் வேலை புரியும். இன்னொன்று அண்ணாந்தாள். முரட்டு மாட்டை அடக்கக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கயிற்றால் பிணைப்பார்கள், அதை மனிதனுக்குச் செய்தார்கள். ஆளைக் குனிய வைத்து, கழுத்தில் போட்ட கயிற்றைக் கால் கட்டைவிரலோடு கட்டிவிடுவார்கள். கயிறு கிடைக்காவிட்டால் அவன் மேல்துண்டே போதும். அப்படியே வெயிலில் நிற்க வேண்டும். முதுகில் கல்லை வைப்பதும் உண்டு. தீர்வை பாக்கி சில ரூபாயாக இருக்கும், சில நேரம் அணாக் கணக்கில்கூட.

வெயிலில் நிறுத்துவது, சோறு தண்ணீருக்கு விடாமல் தடுப்பது, மாடுகளை மேய்ச்சலுக்கு விடாமல் அடைப்பது, கண்ணில் மிளகாய்த்தூள் என்று அறிக்கையின் பட்டியல் நீளுகிறது. அதில் சில முறைகள் உடம்பைவிட மானத்தைக் குறிவைத்தவை. குடுமியைக் கழுதை வாலில் கட்டுவது, எலும்பு மாலை போடுவது, தீண்டாமைக்கு ஆளான ஒருவரை அழைத்து முதுகில் ஏற்றுவது. இந்தக் கடைசி முறையைப் படிக்கும்போது நிறுத்தி யோசிக்க வேண்டும். முதுகில் ஏறச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்ட அந்த மனிதரும் அங்கே அவமானப்பட்டவர்தான். அவருடைய வாக்குமூலம் எந்தப் பக்கத்திலும் தனியாக இல்லை. அறிக்கை அவரைச் சித்திரவதையின் ஒரு கருவியாக மட்டுமே பார்த்தது.

ஆணையம் கலெக்டர்கள், ஜட்ஜுகள், டாக்டர்கள், பாதிரிமார்கள் எல்லோருக்கும் எழுதிக் கேட்டது. ஆமாம், நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும் என்று பலரிடமிருந்து பதில் வந்தது. லண்டனுக்குப் போன ஆண்டறிக்கைகளில் எழுதாததை, நேராகக் கேட்டதும் எழுதினார்கள். ரயத்திடம் கேட்காமல் இருந்தது போலவே, இந்த அதிகாரிகளிடமும் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை பரவலாக நடக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது. கச்சேரிக்கே திரும்பி வரும் மனுக்களால் ஏழைக்குப் பரிகாரம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்றும் சொன்னது. இது பெரிய காரியம். ஆனால் பழியை முழுக்க இந்தியச் சிப்பந்திகள் தலையில் வைத்தது. ஐரோப்பிய அதிகாரிகள் இதற்கு உடந்தை என்று மக்கள் சொல்லவில்லை, தங்கள் ஊராரான சிப்பந்திகளிடமிருந்து காப்பாற்றத்தான் கேட்கிறார்கள் என்று எழுதியது. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கட்ட முடியாத தீர்வையைப் போட்டது யார்? கிஸ்தி தவறாமல் வர வேண்டும் என்று தாசில்தாரை நெருக்கியது யார்? கையில் கிட்டி வைத்திருந்தவன் சொற்பச் சம்பளம் வாங்கிய சேவகன். அவனைத் தண்டித்தால் கணக்குத் தீர்ந்துவிடாது. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிபியூன் பத்திரிகையில் இந்த அறிக்கையை வைத்து எழுதிய கார்ல் மார்க்ஸ் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்துக் கேட்டார். மதராஸ் கடற்கரையிலிருந்து போன புகார் அப்போது அட்லாண்டிக்கையும் கடந்திருந்தது.

நடைமுறையில் விளைந்தது போலீஸ் சீர்திருத்தம். 1859ஆம் ஆண்டின் மதராஸ் போலீஸ் சட்டம் வருவாய்த் துறையிலிருந்து போலீஸைப் பிரித்துத் தனி இலாகா ஆக்கியது. வில்லியம் ராபின்சன் முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரல். தாசில்தாரின் இரண்டு கைகளில் ஒன்று கழன்றது. 1861இல் இந்தியா முழுமைக்கும் வந்த போலீஸ் சட்டத்துக்கு மதராஸ் மாதிரியாக இருந்தது. அந்த 1861ஆம் ஆண்டுச் சட்டம் நம் காலம் வரைக்கும் நாட்டின் பல பகுதிகளில் நீடித்தது. லாக்கப்பில் அடிப்பது மட்டும் தனி இலாகா வந்ததால் நிற்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

சபையில் இடம் என்ற கோரிக்கைக்கு 1857 வர வேண்டியிருந்தது. கிளர்ச்சி ஏன் வந்தது என்று எழுதிய சையது அகமது கான், சட்டம் செய்யும் சபையில் இந்தியர்களை வைக்காததை முக்கிய காரணமாகச் சொன்னார். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அரசுக்கு எட்டவில்லை, அரசு என்ன நினைக்கிறது என்பது மக்களுக்கு எட்டவில்லை என்பது அவர் வாதம். மதராஸ் மனு ஐந்து வருடம் முன்னால் அமைதியாகக் கேட்டதை, ரத்தம் சிந்திய பிறகு லண்டன் காதில் வாங்கியது. 1861ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம் மதராஸுக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. கவர்னரின் கவுன்சிலோடு நான்கிலிருந்து எட்டு பேர் வரை கூடுதலாகச் சேரலாம், அவர்களில் பாதிப் பேராவது உத்தியோகஸ்தர் அல்லாதவர்களாக இருக்க வேண்டும். எல்லோரும் கவர்னர் பார்த்து நியமிப்பவர்கள்.

அப்படி மதராஸ் சட்டசபையில் உட்கார்ந்த முதல் இந்தியர் வி. சடகோபாச்சார்லு. அவர் 1863இல் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்தவர் லட்சுமிநரசு செட்டி. மனு எழுதியபோது அவருக்கு வயது 46, சபைக்குள் போனபோது 57. சொத்தின் பெரும்பகுதியைப் பொதுக்காரியத்தில் இழந்திருந்தார். 1868இல் வறுமையில் இறந்தார். அவர் வளர்த்த சங்கம் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டிருந்தது. பிறகு 1884இல் மதராஸ் மகாஜன சபை அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

சபையில் அவர் செய்யக்கூடியது குறைவு. அரசு கொண்டுவரும் மசோதாமேல் பேசலாம். வரவு செலவுக் கணக்கைத் தொட முடியாது. தாசில்தார் ஒருவர் ஒரு ரயத்தை அடித்தார் என்று தெரிந்தாலும், அது உண்மையா என்று அந்தச் சபையில் எழுந்து கேட்க முடியாது. கேள்வி கேட்கும் உரிமையும், வரவு செலவைப் பற்றிப் பேசும் உரிமையும் 1892ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தன. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும், பதில் போதவில்லை என்றால் மேலே கேட்க முடியாது. துணைக்கேள்வி கேட்பதற்கு 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.